மாதம் 50 டாலரில் ஐஆர்ஏ: அமெரிக்காவில் குறைந்த சம்பளத்தில் இருப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பிப்ரவரி, மார்ச் மாதச் சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். வீட்டா என்று பெயர், அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் ஆதரவில் நடக்கும் இலவசச் சேவை. நம் ஆட்களும் வருவார்கள். மளிகைக் கடையில் சரக்கு அடுக்குகிறவர், டேகேரில் பகுதிநேர வேலை பார்க்கும் அம்மா, பிள்ளைகள் கிரீன் கார்டு எடுத்து அழைத்துவந்த பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் கடையில் கல்லாவில் நிற்கும் பெரியவர். "ஐஆர்ஏ ஏதாவது போட்டீங்களாண்ணே?" என்று கேட்பேன். ஓய்வுக்காலத்துக்காக ஒருவர் தன் பெயரில் திறந்துகொள்ளும், வரிச்சலுகை உள்ள சேமிப்புக் கணக்கு அது. "அதெல்லாம் ஐடி கம்பெனிக்காரங்க சமாச்சாரம் தம்பி" என்பார்கள்.

உண்மை நேர்மாறானது. ஓய்வுக்காலச் சேமிப்பில் குறைந்த வருமானக்காரருக்கு மட்டுமே கிடைக்கும் சேவர்ஸ் கிரெடிட் என்ற ஒரு சலுகை இருக்கிறது. 2,000 டாலர் போட்டால் வரியிலிருந்து 1,000 டாலர் வரை கழித்துவிடுகிறார்கள். கை நிறையச் சம்பாதிக்கிற ஐடிக்காரருக்கு அது கிடையாது. கேட்காதவருக்கும் கிடைக்காது.

பணம் போடுவதற்கு முன்னால்

வேலை செய்யும் இடத்தில் 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம் இருக்கிறதா, முதலாளி தன் பங்காக ஏதாவது போடுகிறாரா என்று பாருங்கள். அப்படியிருந்தால் அவர் ஈடுகட்டும் அளவுவரை அங்கே போட்டுவிட்டுத்தான் ஐஆர்ஏ பக்கம் வரவேண்டும். நீங்கள் ஒரு டாலர் போட, அவர் அரை டாலர் போட்டால், முதல் நாளே 50 சதவீத லாபம். ஐஆர்ஏவில் அதற்கு ஈடாக எதுவும் இல்லை. பெரிய சங்கிலிக் கடைகளில் பகுதிநேர ஊழியருக்கும் இது உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மேலாளரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால், வேலைக்குச் சேரும்போது கொடுத்த காகிதக் கட்டைப் புரட்டுங்கள்.

கிரெடிட் கார்டில் 20 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடிக்கொண்டிருந்தால் அதை அடைப்பதே முதல் வேலை. ஆனால் ஒன்று. கீழே சொல்லப்போகும் சேவர்ஸ் கிரெடிட்டில் 50 சதவீதம் உங்களுக்குக் கிடைக்குமென்றால், கார்டுக் கடன் இருக்கும்போதே ஐஆர்ஏவில் கொஞ்சம் போடுவதில் அர்த்தம் உண்டு. திரும்பி வரும் வரிப்பணத்தைக் கொண்டு கார்டை அடைக்கலாம்.

யார் போடலாம்

ஐஆர்ஏவுக்கு ஒரே அடிப்படை நிபந்தனை, அந்த ஆண்டில் உழைத்துச் சம்பாதித்த வருமானம் இருக்கவேண்டும் என்பதுதான். முதலாளி டபிள்யூ-2 படிவத்தில் காட்டித் தரும் சம்பளம் சரி. சொந்தத் தொழிலில் செலவு போக நிற்கும் லாபமும் சரி. ஊரில் இருக்கும் வைப்புநிதி வட்டி, திருச்சி வீட்டு வாடகை, வேலையிழப்பு உதவித்தொகை ஆகியவை கணக்கில் வராது. ஆண்டில் 1,800 டாலர்தான் சம்பாதித்தீர்கள் என்றால் 1,800 வரைதான் போடமுடியும்.

வீட்டிலேயே பாட்டு, பரதம் சொல்லிக்கொடுக்கிறவர்கள், விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறவர்கள் கவனிக்க: ரொக்கமாக வாங்கி வரியில் காட்டாமல் விட்ட பணம் ஐஆர்ஏவைப் பொறுத்தவரை வருமானமே இல்லை. காட்டினால் சுயதொழில் வரி 15.3 சதவீதம் வருமே என்று தயங்குவார்கள். வரும்தான். ஆனால் அரசு ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டிக்கான காலமும் அதிலேதான் சேர்கிறது.

விசா எதுவானாலும் சட்டம் தடுக்கவில்லை. எச்1பி வேலை விசா, அவர்களின் துணைக்கான எச்4-இல் வேலை அனுமதி, படிப்பு முடித்தவருக்கான ஓபிடி என எதில் இருந்தாலும், வருமானம் இருந்தால் போடலாம். கணக்கு திறக்கும் நிறுவனம் விசா விவரம் கேட்கலாம்; ஒன்று மறுத்தால் அடுத்ததற்குப் போங்கள்.

எச்4-இல் வேலை அனுமதி இல்லாமல் வீட்டில் இருக்கும் மனைவிக்கோ கணவனுக்கோகூட ஐஆர்ஏ உண்டு. இருவரும் சேர்ந்து வரி தாக்கல் செய்தால், ஒருவர் சம்பளத்தை வைத்தே மற்றவர் பெயரிலும் போடலாம். கணக்கு அவர் பெயரில், பணம் அவருடையது. நம் வீடுகளில் பெண்கள் பருப்பு டப்பாவுக்குள் ஒளித்துவைத்த பணத்தில் எத்தனை கல்லூரிக் கட்டணம் கட்டியிருக்கிறோம் என்று நினைத்தால், மனைவி பெயரில் முதல் கணக்கைத் திறக்கச் சொல்லவே எனக்குத் தோன்றும்.

ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஒரு செய்தி. 2020 முதல், வரிக்கு உட்பட்ட உதவித்தொகையும் ஐஆர்ஏவுக்கான வருமானமாகக் கொள்ளப்படுகிறது. அதற்கு முன்னால் அந்த வழி அடைபட்டிருந்தது.

எவ்வளவு, எப்போது

2026-க்கான உச்சவரம்பு 7,500 டாலர். 50 வயதானவருக்கு இன்னும் 1,100 சேர்த்து 8,600. இந்த எண்ணைப் பார்த்துத்தான் பாதிப்பேர் ஓடிவிடுகிறார்கள். அது மேல் எல்லை மட்டும்தான். குறைந்தபட்சம் இவ்வளவு போடவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஓராண்டு 300 போட்டு, அடுத்த ஆண்டு ஒன்றுமே போடாமல் விட்டாலும் அபராதம் கிடையாது. இன்சூரன்ஸ் பிரீமியம் மாதிரி கட்டாவிட்டால் காலாவதியாகிவிடும் என்று பயப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

2026-க்கான பணத்தை 2027 ஏப்ரல் 15 வரை போடலாம். வரி தாக்கலுக்குக் கூடுதல் அவகாசம் வாங்கினாலும் இந்தத் தேதி நகராது. ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் போடும்போது எந்த ஆண்டுக்கு என்று திரையில் கேட்கும். சரியான ஆண்டைத் தேர்ந்தெடுங்கள். பேசாமல் அனுப்பினால் நடப்பு ஆண்டுக்கே எழுதிக்கொள்வார்கள்.

டிரடிஷனலா, ராத்தா

டிரடிஷனல் ஐஆர்ஏவில் போடும் பணம் இந்த ஆண்டு வருமானத்திலிருந்து கழியும்; எடுக்கும்போது வரி. 1998-இல் வந்த ராத் ஐஆர்ஏவில் வரி கட்டிய பணத்தைப் போடுகிறோம். கணக்குத் திறந்து ஐந்தாண்டு ஆகி, வயதும் 59½ தாண்டியபின் எடுத்தால் லாபத்துக்கும் வரி இல்லை.

10 அல்லது 12 சதவீத வரித்தட்டில் இருப்பவருக்கு, அதாவது இந்தக் கட்டுரையை வாசிக்கும் பெரும்பாலோருக்கு, நான் ராத்தையே சொல்வேன். வரி விகிதம் இப்போதே அடிமட்டத்தில் இருக்கிறது, பிறகு கட்டுவதால் பெரிதாக மிச்சமாகாது. இன்னொரு காரணம் அதைவிட முக்கியம். ராத்தில் நீங்கள் போட்ட அசலை எப்போது வேண்டுமானாலும், எந்த வயதிலும், வரியும் அபராதமும் இல்லாமல் எடுக்கலாம். எடுக்கும்போது அசல்தான் முதலில் வெளியே வருவதாகச் சட்டமே கணக்கு வைத்துக்கொள்கிறது. லாபத்தைத் தொட்டால்தான் சிக்கல்.

"திடீர்னு அம்மாவுக்கு உடம்பு முடியலன்னா டிக்கெட்டுக்குப் பணம் வேணுமே, அங்க போட்டா பூட்டிடுவாங்களே" என்று ஒரு டேகேர் உதவியாளர் கேட்டார். பூட்டமாட்டார்கள். 1,500 டாலர் போட்டு அது 1,700 ஆகியிருந்தால் 1,500-ஐ எடுத்துக்கொண்டு சென்னைக்கு விமானம் ஏறலாம். வருடக் கடைசியில் அதை ஒரு படிவத்தில் காட்டினால் முடிந்தது. டிரடிஷனலில் அப்படி இல்லை. 59½-க்கு முன் எடுத்தால் வரியோடு 10 சதவீத அபராதமும் உண்டு. விதிவிலக்குகள் இருக்கின்றன, ஆனால் எண்ணிச் சொல்லும் அளவுதான்.

அப்படியானால் டிரடிஷனல் யாருக்கு? அடுத்த பகுதியில் வரும் வருமான வரம்பை மயிரிழையில் தாண்டி நிற்பவருக்கு.

சேவர்ஸ் கிரெடிட்: கேட்டு வாங்க வேண்டிய பணம்

கழிவு என்பது வருமானத்தைக் குறைப்பது. கிரெடிட் என்பது கட்டவேண்டிய வரியையே குறைப்பது. சேவர்ஸ் கிரெடிட் இரண்டாவது வகை. ஒரு ஆளுக்கு 2,000 டாலர் வரையிலான சேமிப்பில் 50, 20 அல்லது 10 சதவீதம் கிடைக்கும்.

2026-இல் கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால், சரிக்கட்டிய மொத்த வருமானம் (டிரடிஷனல் ஐஆர்ஏ போன்ற சில கழிவுகள் போக நிற்பது) 48,500 வரை 50 சதவீதம், 52,500 வரை 20 சதவீதம், 80,500 வரை 10 சதவீதம். தனியாளுக்கு இவற்றில் பாதி: 24,250, 26,250, 40,250. குழந்தையைத் தனியாக வளர்க்கும் பெற்றோருக்கு இடைப்பட்ட வரம்புகள்: 36,375, 39,375, 60,375.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழந்தை இல்லாத தம்பதி, ஒருவர் சம்பளம் மட்டும், 46,000. வரிபோடாமல் விடும் நிலைக்கழிவு 32,200 போக 13,800-க்கு 10 சதவீதம் வரி, அதாவது 1,380. ராத்தில் 2,000 போட்டிருந்தால் 1,000 கிரெடிட். வரி 380 ஆகிவிடும். மனைவி பெயரிலும் 760 போட்டால் அந்த 380-உம் ஓடிவிடும். அதற்குமேல் போட்டால் சேமிப்பு சேரும், கிரெடிட் சேராது. ஏனென்றால் இது வரியைப் பூஜ்யம் வரை குறைக்குமே தவிர, மிச்சத்தைக் கையில் தராது. வரியே இல்லாதவருக்கு இதனால் பயன் இல்லை.

இப்போது மயிரிழைக் கணக்கு. தனியாள், வருமானம் 25,000, கையில் 1,000 டாலர் இருக்கிறது. ராத்தில் போட்டால் 20 சதவீதம், அதாவது 200 கிரெடிட். அதையே டிரடிஷனலில் போட்டால் வருமானம் 24,000 ஆக இறங்கும், 24,250 வரம்புக்குள் வந்துவிடும். கிரெடிட் 500. வருமானம் குறைந்ததால் வரியிலும் 100 மிச்சம். அதே ஆயிரத்துக்கு ஒரு பக்கம் 200, மறுபக்கம் 600. வரம்பு சரிவாக இல்லாமல் படிக்கட்டு மாதிரி இருப்பதால் வரும் விசித்திரம் இது. டிசம்பர் சம்பளச் சீட்டு வந்ததும் ஒருமுறை இதைப் பார்த்துவிட்டு எந்தக் கணக்கு என்று முடிவுசெய்யுங்கள். ஏப்ரல் 15 வரை நேரம் இருக்கிறதே.

கிடைக்காதவர்கள்: 18 வயது ஆகாதவர், வேறொருவர் வரியில் சார்ந்தவராகக் காட்டப்படுபவர், முழுநேர மாணவர். ஆண்டில் ஐந்து மாதங்களில், ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு பகுதி முழுநேரமாகப் படித்திருந்தாலே முழுநேர மாணவர் கணக்கு. மே மாதம் பட்டம் வாங்கி ஜூனில் வேலைக்குச் சேர்ந்தவர் ஜனவரியிலிருந்து எண்ணினால் ஐந்து ஆகிவிடும், அந்த ஆண்டு கிடைக்காது.

இன்னொரு பொறி. ராத் அசலை எப்போதும் எடுக்கலாம் என்றேன். ஆனால் கிரெடிட் வாங்கும் ஆண்டிலோ, அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலோ, அந்த ஆண்டுக்கான தாக்கல் தேதிக்குள்ளோ எடுத்தால், எடுத்த தொகையைச் சேமிப்பிலிருந்து கழித்துவிட்டுத்தான் கிரெடிட்டைக் கணக்கிடுவார்கள். போட்டு எடுத்து, போட்டு எடுத்து கிரெடிட் வாங்கும் வேலை நடக்காது.

வாங்குவதற்குப் படிவம் 8880. ராத்தில் போட்டதை வரிப் படிவத்தில் வேறெங்கும் எழுதவேண்டியதில்லை என்பதால், மென்பொருளில் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறவர்கள் அதிகம். வரி போடுகிறவரிடம் நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள்.

2027-க்கான சேமிப்பிலிருந்து இந்த முறை மாறுகிறது. கிரெடிட்டுக்குப் பதிலாக, அரசே ஓய்வுக்காலக் கணக்கில் 1,000 டாலர் வரை போடும். வரியே கட்டாதவருக்கும் கிடைக்கும் என்பது பெரிய மாற்றம். முழுத்தொகைக்கான வருமான எல்லை தம்பதிக்கு 41,000, தனியாளுக்கு 20,500. அதற்குமேல் குறைந்துகொண்டே போய் 71,000, 35,500-இல் நின்றுவிடும். அரசு தரும் பணம் ராத்தில் சேராது, டிரடிஷனல் வேண்டும்.

கணக்கு திறப்பது

ஃபிடெலிட்டி, ஷ்வாப் இரண்டிலும் கணக்கு திறக்கக் குறைந்தபட்சத் தொகை கிடையாது, ஆண்டுக் கட்டணமும் கிடையாது. வேன்கார்டு நல்ல நிறுவனம்தான். ஆனால் அங்கே டார்கெட் ரிடையர்மென்ட் மியூச்சுவல் ஃபண்டில் நுழைய 1,000 டாலர் வேண்டும். கையில் 50 வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறவருக்கு முதல் இரண்டு வசதி. கைபேசியிலேயே பதினைந்து நிமிட வேலை. சோஷியல் செக்யூரிட்டி எண், முகவரி, வங்கிக் கணக்கு எண் போதும்.

பணம் போய்ச் சேர்ந்தபின் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இதில்தான் நானே வழுக்கி விழுந்தேன். முதல் ராத் கணக்கில் மாதாமாதம் போட்டுவிட்டு, பங்குச்சந்தை ஏறும் செய்தி வரும்போதெல்லாம் மகிழ்ச்சியாக இருந்தேன். ஒன்றரை வருடம் கழித்துத் திறந்து பார்த்தால் எல்லாம் ரொக்கமாகக் கிடக்கிறது. ஐஆர்ஏ வெறும் பாத்திரம்தான். உள்ளே எதையாவது வாங்கி வைக்கவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் படிக்கவில்லை.

எதை வாங்குவது? ஓய்வுபெறும் ஆண்டுக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைப் பெயரில் கொண்ட டார்கெட் டேட் இன்டெக்ஸ் ஃபண்ட் ஒன்று. 1985-இல் பிறந்தவருக்கு 2050. பங்கும் பத்திரமும் கலந்திருக்கும், வயது ஏற ஏறப் பங்கை அவர்களே குறைத்துக்கொள்வார்கள். பெயரில் 'இன்டெக்ஸ்' என்ற சொல், அதாவது சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் வகை, இருக்கிறதா என்று பாருங்கள். ஃபிடெலிட்டியில் ஃப்ரீடம் என்றும் ஃப்ரீடம் இன்டெக்ஸ் என்றும் இரண்டு வரிசை உண்டு, கட்டணத்தில் பல மடங்கு வித்தியாசம். ஆண்டுக்கு 0.12 சதவீதம் என்றால் 10,000 டாலருக்கு 12 டாலர். ஒரு சதவீதம் என்றால் 100 டாலர், ஒவ்வோர் ஆண்டும். பிறகு தானியங்கி முதலீட்டை இயக்கிவிடுங்கள், பணம் எடுப்பது மட்டுமில்லாமல் ஃபண்ட் வாங்குவதும் தானாக நடக்கும்படி.

கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து "ஐஆர்ஏ மாதிரியே, அதைவிட நல்லது" என்று ஆயுள் காப்பீடு விற்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். சொந்தக்காரராக இருந்தால் இன்னும் எச்சரிக்கையாக.

அந்த 50 டாலர் எங்கிருந்து வரும்

காப்பி குடிக்காதே என்று நான் சொல்லப்போவதில்லை. ஊருக்கும் அனுப்பி, வாடகையும் கட்டுகிற குடும்பத்தில் காப்பியில் மிச்சம்பிடித்து எதுவும் ஆகாது. பணம் மொத்தமாக வரும் நேரத்தில் பிடிப்பதுதான் நடைமுறையில் பலிக்கிறது.

முதல் இடம், திரும்பி வரும் வரிப்பணம். படிவம் 8888 மூலம் திரும்பவரும் பணத்தை மூன்று கணக்குகள் வரை பிரிக்கச் சொல்லலாம், அதில் ஒன்று ஐஆர்ஏவாக இருக்கலாம். கணக்கு முன்பே திறந்திருக்கவேண்டும். கையில் வந்தபின் எடுத்துவைப்பதைவிட, கைக்கே வராமல் நேரே போவது எவ்வளவு எளிது என்று சீட்டுக் கட்டியவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, இரு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஆண்டில் 26 சம்பளம். மாதத்துக்கு இரண்டு என்று குடும்பம் ஓடும். பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டு மாதங்களில் மூன்றாவது சம்பளம் வந்து நிற்கும். அந்த இரண்டிலிருந்தும் தலா 300 எடுத்தாலே மாதம் 50 ஆகிவிட்டது.

மூன்றாவது, உங்கள் மாநிலம். முதலாளி ஓய்வுக்காலத் திட்டம் எதுவும் வைத்திருக்காவிட்டால், ஓரிகனில் 2017-லிருந்தும், பிறகு இல்லினாய், கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களிலும் சம்பளத்திலிருந்தே ராத் ஐஆர்ஏவுக்குப் பிடிக்கும் திட்டம் உண்டு. கலிஃபோர்னியாவின் கால்சேவர்ஸில் நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் 5 சதவீதம் பிடிப்பார்கள். வேண்டாமென்றால் விலகலாம், குறைத்துக்கொள்ளலாம். சம்பளச் சீட்டில் புரியாத ஒரு பிடித்தம் இருந்தால், சண்டைக்குப் போகுமுன் அது இதுவா என்று பாருங்கள். அதற்கும் சேவர்ஸ் கிரெடிட் உண்டு.

மாதம் 50, முப்பது ஆண்டு, ஆண்டுக்குச் சராசரி 6 சதவீத வளர்ச்சி என்று வைத்தால் போட்டது 18,000, கையில் சுமார் 50,000. சந்தை அப்படி நேர்கோட்டில் போகாது. எண் ஒரு அளவுகோலுக்குத்தான். 50,000-ஐ வைத்து ஓய்வுக்காலம் முழுதும் சாப்பிடமுடியாது என்பதும் சரி. வாடகை கட்டமுடியாத ஒரு மாதத்தில் பிள்ளையிடம் கேட்காமல் இருக்கலாம்.

ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு

சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்கு 40 கிரெடிட் வேண்டும், அதாவது சுமார் பத்து ஆண்டு உழைப்பு. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இந்தக் காலத்தைக் கூட்டிக்கொள்ளும் ஒப்பந்தம் இல்லை. எட்டாண்டில் விசா முடிந்து திரும்பினால் கட்டியது கட்டியதுதான். ஐஆர்ஏ அப்படியில்லை, நீங்கள் எங்கே போனாலும் உங்கள் பணம்.

திரும்புவது உறுதி என்றால் ராத்தின் கவர்ச்சி கொஞ்சம் குறையும். லாபத்துக்கு வரி இல்லை என்பது அமெரிக்கச் சட்டம் தரும் சலுகை; இந்தியாவில் குடியிருப்பவராக ஆனபின் இந்திய வரித்துறை அதை அப்படியே ஏற்கவேண்டிய கட்டாயம் இல்லை. விமானம் ஏறுவதற்கு முன் இரு நாட்டு வரியும் தெரிந்த ஒருவரிடம் ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்துக் கேளுங்கள். கணக்கைப் பதற்றத்தில் மூடாதீர்கள்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு தவறு இதைவிட அதிகம் நடக்கிறது. அமெரிக்காவில் வரி கட்டிக்கொண்டே இந்திய மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபி போடுவது. ஐஆர்எஸ் அதை அயல்நாட்டுச் செயலற்ற முதலீட்டு நிறுவனம் என்ற வகையில் வைத்து, படிவம் 8621-ஐ நீட்டும். வரியும் கடுமை, நிரப்பும் கூலியும் கடுமை. அந்த 50 டாலருக்கு இங்கேயே ராத் இருக்கிறது.

கடைசியாக ஒரு பெட்டி

கணக்கு திறக்கும்போது வாரிசு பெயர் கேட்கும் பகுதியைப் பலர் "பிறகு பார்த்துக்கலாம்" என்று தாண்டிவிடுகிறார்கள். பொதுவாக ஐஆர்ஏ பணம் உயிலைப் பார்க்காது, அந்தப் பெட்டியில் இருக்கும் பெயரைத்தான் பார்க்கும். கல்யாணத்துக்கு முன் கணக்கு திறந்த ஒருவர் அப்பா பெயரைப் போட்டிருந்தார். அப்பா காலமாகி ஆறு ஆண்டு, இவருக்கு இரண்டு பிள்ளைகள். போன மார்ச்சில் வரிக்காக உட்கார்ந்தபோதுதான் கவனித்தோம். என் மேசையிலேயே கைபேசியைத் திறந்து மனைவி பெயரை மாற்றினார். மூன்று நிமிடம் ஆனது.